பழைய லென்ஸ், மிரர்லெஸ் கேமரா: மூலை மங்கினால் குற்றம் லென்ஸிலா, அடாப்டரிலா?

வெளிச்சப்பூனை:

வணக்கம். என்னிடம் மூன்று பழைய நிக்கான் லென்ஸ்கள் இருக்கின்றன: 24 மி.மீ. எஃப் 2.8, 50 மி.மீ. எஃப் 1.8, 105 மி.மீ. எஃப் 2.5. மூன்றும் கையால் ஃபோகஸ் செய்பவை. கண்ணாடி சுத்தம், பூஞ்சை இல்லை, வளையங்கள் வழுவழுவென்று சுழல்கின்றன. முழு ஃபிரேம் (35 மி.மீ. ஃபிலிம் அளவுச் சென்சார் உள்ள) சோனி மிரர்லெஸ் கேமராவில், லென்ஸையும் கேமராவையும் இணைக்கும், உள்ளே லென்ஸ் கண்ணாடி எதுவும் இல்லாத சாதாரண அடாப்டர் வளையம் வழியாகப் பயன்படுத்துகிறேன்.

50-உம் 105-உம் அபாரம். சிக்கல் 24-இல்தான். தொலைவில் இருக்கும் மலையையோ கட்டடத்தையோ எடுத்தால் நடுப்பகுதி கூர்மையாக வருகிறது, மூலைகள் நான்கும் குழைந்துபோகின்றன. அபர்ச்சரை (ஒளி நுழையும் துளையை) எஃப் 8-க்குக் குறைத்தாலும் முழுதாகத் தேறவில்லை. இன்னொன்றும் விசித்திரமாக இருக்கிறது. வளையத்தை, மிகத் தொலைவுக்கு உரிய முடிவிலிக் குறி வரை திருப்பினால் மலை மங்கிவிடுகிறது. லென்ஸின் அளவுகோலில் ஏறக்குறைய 3 மீட்டருக்கு நேரே வைத்தால்தான் கூர்மை வருகிறது. 50-இல் இந்தக் கோளாறு இவ்வளவு இல்லை, 105-இல் அநேகமாக இல்லவே இல்லை.

24-ஐ விற்றுவிட்டுப் புதிதாக ஆட்டோஃபோகஸ் லென்ஸ் ஒன்று வாங்கிவிடலாமா?

நிழற்குடை:

வாங்கிவிடுங்கள் என்பேன். பழைய அகலக்கோண லென்ஸ்களை மக்கள் தேவைக்கு மேல் கொண்டாடுகிறார்கள். கணினி வசதி குறைந்த காலத்தில், ஆஸ்ஃபெரிக்கல் (கோள வளைவில்லாத) கண்ணாடி அரிதாக இருந்த காலத்தில் வடிவமைத்தவை. 50 மி.மீ. லென்ஸை நன்றாகச் செய்வது அப்போதே கைவந்த கலை. 24, 28 அப்படியில்லை. என்னிடமும் ஒரு பழைய 28 இருக்கிறது, வலது ஓரம் எப்போதும் சோப்பு நுரைதான். அடாப்டர் போட்டுப் பழையதை மாட்டுவது பொழுதுபோக்கு என்றால் சரி, படம் வேண்டும் என்றால் புதிய லென்ஸ்.

துருவக்கண்:

வெளிச்சப்பூனை, அவசரப்பட்டு விற்காதீர்கள். நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது. 3 மீட்டர் குறியில் முடிவிலி விழுகிறது என்றால் உங்கள் அடாப்டர் குட்டை.

கணக்கு எளிது. நிக்கான் எஃப் மவுண்டில், அதாவது லென்ஸைக் கேமராவில் பூட்டும் அமைப்பில், லென்ஸ் உட்காரும் உலோக முகத்திலிருந்து ஃபிலிம் தளம் வரை 46.5 மி.மீ. சோனி இ மவுண்டில் அதே தூரம் 18 மி.மீ. எனவே அடாப்டரின் உயரம் சரியாக 28.5 மி.மீ. இருக்க வேண்டும். அடாப்டர் செய்பவர்களில் பலர் இதைக் கொஞ்சம் குறைத்தே கடைகிறார்கள். நீளமாகிவிட்டால் எந்த லென்ஸும் முடிவிலியைத் தொடாது, வாங்கியவர் உடனே திருப்பி அனுப்பிவிடுவார். குட்டையாக இருந்தால் வளையம் உண்மையான முடிவிலியைத் தாண்டியும் திரும்பும், அவ்வளவுதான். பெரும்பாலானோர் அதைக் கவனிப்பதே இல்லை.

எவ்வளவு குட்டை என்பதை லென்ஸே சொல்லும். குவியத்தூரத்தை, அதாவது லென்ஸில் எழுதியிருக்கும் மி.மீ. எண்ணை, அதனாலேயே பெருக்கி, முடிவிலி கூர்மையாகும் குறியின் தூரத்தால் வகுத்துவிடுங்கள். 24 × 24 = 576. 3 மீட்டர் என்பது 3000 மி.மீ. வகுத்தால் 0.19. அதாவது சுமார் 0.2 மி.மீ. குறைகிறது.

இதே 0.2 மி.மீ. குறைவு 50 மி.மீ. லென்ஸில் எங்கே தெரியும்? 2500-ஐ 0.2-ஆல் வகுத்தால் 12.5 மீட்டர். அங்கே அளவுகோல் ஏற்கெனவே நெருங்கிக் கிடக்கும். 105-இல் 55 மீட்டர், குறிகளெல்லாம் முடிந்து முடிவிலிக்குப் பக்கத்தில் வந்துவிடும். அதனால்தான் உங்களுக்கு 24-இல் மட்டும் கோளாறு தெரிகிறது. கோளாறு மூன்றிலும் உண்டு.

வெளிச்சப்பூனை:

நன்றி சார். ஆனால் ஒன்று புரியவில்லை. குறி எங்கே இருந்தாலும் நான் திரையில் பார்த்துத்தானே ஃபோகஸ் செய்கிறேன்? நடுப்பகுதி கூர்மையாகவே கிடைக்கிறது. அடாப்டர் குட்டையாக இருந்தால் மூலை மட்டும் ஏன் கெட வேண்டும்?

துருவக்கண்:

நல்ல கேள்வி. எல்லா லென்ஸுக்கும் கெடாது. உங்கள் 50-இல் ஃபோகஸ் வளையத்தைத் திருப்பினால் உள்ளே இருக்கும் கண்ணாடி முழுவதும் ஒரே கட்டாக முன்னும் பின்னும் நகர்கிறது. அடாப்டர் 0.2 குறைந்தால் நீங்கள் வளையத்தை 0.2 முன்னால் தள்ளிக்கொள்கிறீர்கள், கணக்கு நேராகிவிடும்.

நிக்கானின் 24 மி.மீ. எஃப் 2.8 அப்படி இல்லை. 1967-இல் வந்த அதன் முதல் வடிவத்திலிருந்தே சி.ஆர்.சி. எனப்படும் கிட்டத்தூரத் திருத்தம் அதில் உண்டு. அந்த ஏற்பாட்டோடு வந்த முதல் நிக்கான் லென்ஸே அதுதான். வளையத்தைத் திருப்பும்போது ஒரு கண்ணாடித் தொகுதி மற்றதைவிட வேறு வேகத்தில் நகர்கிறது. அகலக்கோண லென்ஸில் கிட்டத்தில் ஃபோகஸ் செய்தால் மூலைகள் கெடும். அதைச் சரிக்கட்டத்தான் இந்த ஏற்பாடு.

இப்போது உங்கள் நிலைமையைப் பாருங்கள். நீங்கள் மலையை எடுக்கிறீர்கள். லென்ஸோ 3 மீட்டரில் இருக்கும் பொருளுக்கு உரிய இடைவெளியில் தன் கண்ணாடிகளை நிறுத்திவைத்திருக்கிறது. 3 மீட்டருக்கான திருத்தத்தை மலைக்குக் கொடுக்கிறது. நடுவில் அது தெரியாது, மூலையில் தெரியும். உங்கள் மூலைகள் கெடுவதற்கு இது மட்டுமே காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன். அந்தக் காலத்து 24 எஃப் 2.8-இல் திறந்திருக்கும்போது மூலை கொஞ்சம் மென்மையாகத்தான் இருக்கும். ஆனால் எஃப் 8-இலும் தேறவில்லை என்கிறீர்களே, அங்கேதான் எனக்கு அடாப்டர் மேல் சந்தேகம் வலுக்கிறது.

கைவேலை:

அடாப்டரை அளக்க வெர்னியர் காலிப்பர் போதும். ஆனால் முழு உயரத்தையும் பிடித்து அளக்காதீர்கள், பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் பயனட் காதுகளும் (கேமராவில் செருகித் திருப்பிப் பூட்டுபவை) சேர்ந்துவிடும். கேமராவைத் தொடும் முகத்துக்கும் லென்ஸைத் தொடும் முகத்துக்கும் இடையே உள்ளதுதான் வேண்டும். நான்கு இடங்களில் அளந்து பாருங்கள். நான்கும் ஒன்றாக இல்லையென்றால் அடாப்டர் சாய்வு, அது குட்டையாக இருப்பதைவிட மோசம். ஒரு பக்கம் மட்டும் மங்கும்.

நிழற்குடை அண்ணே, உங்கள் 28-இல் "வலது ஓரம் எப்போதும்" என்றீர்களே, அதை நினைத்துத்தான் சொல்கிறேன். அதே அடாப்டரில் வேறு லென்ஸ் போட்டுப் பாருங்கள். அதிலும் வலது பக்கமே மங்கினால் லென்ஸைத் திட்டிப் பயனில்லை.

நிழற்குடை:

அளக்கிறேன், காலிப்பர் இரவல் வாங்க வேண்டும். ஆனால் இதெல்லாம் என் வாதத்துக்குத்தானே வலு சேர்க்கிறது? லென்ஸ் வாங்கி, அடாப்டர் வாங்கி, அதை அளந்து, அதற்குத் தகடு வெட்டி ஒட்டி... படம் எப்போது எடுப்பது?

சுருள்படம்:

எடுக்கிற நேரத்தில்தான் இதன் அருமை தெரியும். புதிய ஆட்டோஃபோகஸ் லென்ஸ்களில் பெரும்பாலானவற்றில் ஃபோகஸ் வளையம் வெறும் மின் சுவிட்ச். நீங்கள் திருப்புகிறீர்கள், உள்ளே மோட்டார் நகர்த்துகிறது. வேகமாகத் திருப்பினால் ஒரு தூரம், மெதுவாகத் திருப்பினால் வேறு தூரம். பழைய லென்ஸில் 2 மீட்டர் என்றால் 2 மீட்டர், விரலுக்கே தெரியும். எஃப் 8-இல் வைத்து, அளவுகோலில் 2-லிருந்து 5 மீட்டர் வரை கூர்மை என்று கணக்குப் போட்டு, வ்யூஃபைண்டரைப் பார்க்காமலே தெருவில் எடுத்துக்கொண்டு போகலாம்.

ஆனால் துருவக்கண் சொல்வதைத்தான் நானும் சொல்கிறேன். அடாப்டர் குட்டையாக இருந்தால் இந்தச் சுகம் முழுதும் போச்சு. அளவுகோல் 2 மீட்டர் என்று காட்டும், உண்மையில் லென்ஸ் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கும். அகலக்கோணத்தில் பொய் பெரிதாகும். நம்மில் பாதிப்பேர் அளவுகோலையே மறந்துவிட்டுத் திரையில் கூர்மையான விளிம்புகளில் மின்னும் வண்ணக் கோட்டை நம்பிப் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அகல்விழி:

வண்ணக் கோட்டை, அதாவது பீக்கிங்கை, மட்டும் நம்பாதீர்கள். நான் பெரும்பாலும் முகப்படம் எடுப்பவள். 50 எஃப் 1.4 மாதிரி லென்ஸை முழுதாகத் திறந்தால் படம் முழுக்க ஒரு மெல்லிய பனிப்படலம் இருக்கும். கேமரா கான்ட்ராஸ்ட் உள்ள விளிம்பைத் தேடித்தான் கோடு போடுகிறது. கான்ட்ராஸ்டே குறைவாக இருக்கும்போது இமை முடியையும் காட்டும், புருவத்தையும் காட்டும், காதோரத்தையும் காட்டும். எது உண்மை என்று தெரியாது. எஃப் 8-இலோ நேர்மாறு, கண்டதெல்லாம் மின்னும்.

திரையைப் பெரிதாக்கும் வசதியைக் கைக்கெட்டும் பொத்தான் ஒன்றில் வைத்துக்கொள்ளுங்கள். கேமராவுக்கும் லென்ஸுக்கும் மின் தொடர்பு இல்லாததால் வளையத்தைத் திருப்பியதும் தானாகப் பெரிதாகாது, நாம்தான் அழுத்த வேண்டும். பீக்கிங்கில் தோராயமாக வைத்து, பெரிதாக்கிக் கண்மணியில் முடிப்பது என் வழக்கம். இன்னொன்று: எந்த அபர்ச்சரில் எடுக்கப் போகிறீர்களோ அதே அபர்ச்சரில் ஃபோகஸ் செய்யுங்கள். பழைய வேக லென்ஸ்களில் எஃப் 1.4-இல் ஃபோகஸ் செய்துவிட்டு எஃப் 2.8-க்குக் குறைத்தால் கூர்மை விழும் இடமே கொஞ்சம் நகர்ந்துவிடும். எஸ்.எல்.ஆர். (லென்ஸ் வழி வரும் ஒளியைப் பிரதிபலிக்கும் கண்ணாடியால் வ்யூஃபைண்டருக்குத் திருப்பும் கேமரா) காலத்தில் அபர்ச்சரைக் குறைத்தால் வ்யூஃபைண்டர் இருண்டுவிடும், அதனால் பெரும்பாலும் திறந்த நிலையில்தான் ஃபோகஸ் செய்தார்கள். நமக்கு வேறு வழி உண்டு. அபர்ச்சரைக் குறைத்தாலும் மின் வ்யூஃபைண்டர் தானாக வெளிச்சமேற்றிக் காட்டுகிறது.

கைவேலை:

புதியவர்கள் யாராவது படிக்கக்கூடும், அதனால் சொல்லிவிடுகிறேன். மாட்டியதும் ஷட்டர் விழவில்லையென்றால் பதற வேண்டாம். மெனுவில் லென்ஸ் இல்லாமலும் ஷட்டரை அனுமதிக்கும் தேர்வு இருக்கும், அதைப் போட்டுவிடுங்கள். உடலுக்குள்ளேயே அதிர்வுத் தடுப்பு இருக்கும் கேமராவில் குவியத்தூரத்தை நாமே எழுதிக்கொடுக்க வேண்டும். சிறிய சென்சார் கேமராவிலும் லென்ஸில் அச்சிட்டிருக்கும் எண்ணையே கொடுங்கள், 1.5-ஆல் பெருக்காதீர்கள். லென்ஸை மாற்றியதும் எண்ணையும் மாற்றுங்கள். 24-க்கு வைத்ததை 105-இல் அப்படியே விட்டால் தடுப்பு போதாது. 105-க்கு வைத்ததை 24-இல் விட்டால் தேவைக்கு மேல் ஆட்டிப் படத்தையே கெடுக்கும்.

சென்னிறம்:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என் சிக்கல் கொஞ்சம் வேறு. ஜூபிட்டர்-12, 35 மி.மீ. எஃப் 2.8. எஸ்.எல்.ஆர். போல் உள்ளே எழுந்து விழும் கண்ணாடி இல்லாத பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவுக்கான லென்ஸ். நானும் முழு ஃபிரேம் சோனி. அடாப்டரை அளந்துவிட்டேன், சரியாக இருக்கிறது, அளவுகோலில் முடிவிலியும் சரியாக விழுகிறது. ஆனாலும் ஓரங்கள் இழுபட்ட மாதிரி, ஈரச் சாயத்தைக் கையால் தேய்த்த மாதிரி வருகின்றன. ஃபிலிமில் இதே லென்ஸ் நன்றாக இருந்தது.

துருவக்கண்:

இது அடாப்டர் குற்றமும் இல்லை, லென்ஸ் குற்றமும் இல்லை. சென்சாருக்கு முன்னால் இருக்கும் கண்ணாடியின் வேலை.

ஃபிலிமுக்கு முன்னால் காற்றுதான். டிஜிட்டல் சென்சாருக்கு முன்னால் அகச்சிவப்பைத் தடுக்கவும் காப்புக்கும் கண்ணாடி அடுக்கு உண்டு. சோனியில் சுமார் 2 மி.மீ. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்ற சிறிய சென்சார் கேமராக்களில் சுமார் 4 மி.மீ. லைக்கா எம் டிஜிட்டல் கேமராக்களில் 1 மி.மீ.க்கும் குறைவு, ஏனென்றால் அவர்கள் பழைய ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸ்களை மனத்தில் வைத்தே செய்தார்கள். நிக்கான் இசட் கேமராக்களிலும் சோனியைவிட மெலிது.

ஒளி நேராக விழுந்தால் இந்தக் கண்ணாடி பெரிதாகத் தொந்தரவு செய்யாது. சாய்ந்து விழுந்தால் விலகலை உண்டாக்கும், சாய்வு கூடக் கூடக் குழப்பம் கூடும். ஜூபிட்டர்-12, ஸைஸ் நிறுவனத்தின் பயோகான் லென்ஸ் வடிவத்தைத் தழுவியது. அதன் பின்கண்ணாடி ஃபிலிமுக்கு மிக அருகே நீண்டு நிற்கும். அங்கிருந்து மூலைக்குப் போகும் ஒளி படுசாய்வாகப் போகிறது. எஸ்.எல்.ஆர். லென்ஸுக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. கேமராவுக்குள் இருக்கும் பிரதிபலிக்கும் கண்ணாடி மேலே எழுந்து விழ இடம் விட வேண்டுமே, அதனால் அகலக்கோண லென்ஸையும் தள்ளி நிற்கும்படி வடிவமைத்தார்கள். அப்போது குறையாகச் சொல்லப்பட்ட அந்தப் பருமனான வடிவம் இன்று நமக்கு வசதியாகிவிட்டது. வெளிச்சப்பூனையின் 24-க்கு இந்தச் சாயத் தேய்ப்பு பெரிய அளவில் வராததற்கும் அதுதான் காரணம்.

அப்புறம் ஓர் எச்சரிக்கை. ஜூபிட்டர்-12-இன் அந்தப் பின்கண்ணாடி சில கேமராக்களுக்குள் எங்காவது இடிக்கும். உங்களுடையது பொருந்திவிட்டது, சரி. வேறு கேமராவில் போடுமுன் ஆழத்தை அளந்துவிட்டுப் போடுங்கள்.

சென்னிறம்:

அப்படியானால் இதற்குத் தீர்வே இல்லையா?

துருவக்கண்:

சென்சார் கண்ணாடியை மெலிதாக மாற்றித் தரும் பட்டறைகள் உண்டு. மாற்றியபின் புதிய லென்ஸ்களின் மூலை கெடலாம், ஏனென்றால் அவை அந்தத் தடிமனைக் கணக்கில் எடுத்தே வடிவமைக்கப்பட்டவை. ஒரே லென்ஸுக்காக நான் அதைச் செய்ய மாட்டேன். கறுப்பு வெள்ளையில், நடுவில் பொருளை வைத்து எடுங்கள். இல்லை, அதை ஃபிலிமுக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

சுருள்படம்:

ஃபிலிமுக்கே வைத்துக்கொள்ளுங்கள் என்பதை ஆமோதிக்கிறேன். ஃபிலிம் கேமராவை யாரும் மதிக்காத காலத்திலிருந்து அதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பச்சைமிளகு:

என் கேள்வி சின்னது. ஹீலியோஸ் 44-2 லென்ஸ் வாங்கினேன். அதில் எடுத்த படங்களில் பின்னணி சுழல்வதுபோல் தெரிவதைப் பார்த்துத்தான் வாங்கினேன். எனக்குச் சுழலவே இல்லை! ஃபியூஜி எக்ஸ் கேமரா. போலி லென்ஸா?

அகல்விழி:

போலியாக இருக்க வாய்ப்பு குறைவு, அது பெருவாரியாகச் செய்யப்பட்ட லென்ஸ். உங்கள் சென்சார்தான் சிறியது. ஹீலியோஸ் 44 என்பது ஸைஸ் யேனாவின் பயோட்டார் 58 மி.மீ. எஃப் 2-இன் வழிவந்தது. ஓரத்துக்குப் போகப் போக ஒளிவட்டம் பூனைக்கண் போல் நசுங்கும், கூடவே ஓரத்தில் இருக்கும் மற்ற பிழைகளும் சேர்ந்து பின்னணியை வட்டமாக இழுக்கும். சுழற்சி அங்கே, ஓரத்தில்தான் பிறக்கிறது. ஃபியூஜியின் சிறிய சென்சார் அந்த ஓரத்தையே வெட்டி எறிந்துவிட்டு நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறது.

முழு ஃபிரேமிலும் எப்போதும் சுழலாது. அபர்ச்சர் முழுதாகத் திறந்திருக்க வேண்டும், பின்னணியில் இலைகளுக்கு இடையே வெளிச்சப் பொட்டுகள் வேண்டும், ஆள் ஓரளவு அருகில் நிற்க வேண்டும், இலைகள் மிகத் தள்ளியும் போகக் கூடாது. வெறும் சுவருக்கு முன்னால் நிறுத்தினால் அது ஒரு சாதாரண 58 தான்.

கைவேலை:

குவியத்தைக் குறைக்கும் கண்ணாடி உள்ள அடாப்டர் ஒன்று இருக்கிறது. 2013-இல் மெட்டாபோன்ஸ் ஸ்பீட் பூஸ்டர் என்ற பெயரில் கொண்டுவந்து பிரபலமாக்கியது, இப்போது பலர் செய்கிறார்கள். 0.71 மடங்கு. படவட்டத்தைச் சுருக்கிச் சிறிய சென்சாருக்குள் அடக்கிவிடும், ஒளியும் ஒரு ஸ்டாப் கூடும், அதாவது இரு மடங்காகும். இழந்த ஓரம் பெரும்பாலும் திரும்பக் கிடைக்கும். ஆனால் உள்ளே கண்ணாடி இருப்பதால் மலிவானவற்றில் ஓரம் அதன் குற்றத்தால் கெடுகிறதா லென்ஸின் குணத்தால் கெடுகிறதா என்று பிரிக்கவே முடியாது. ஹீலியோஸுக்கு என்றால் பரவாயில்லை, யாரும் அதில் மூலைக் கூர்மை கேட்பதில்லை.

நிழற்குடை:

இதைத்தான் சொல்கிறேன். பிழையைக் காசு கொடுத்து வாங்குகிறோம். ஓரத்தில் ஒளி நசுங்குவதைச் சரிசெய்ய எஞ்சினியர்கள் ஆண்டுக்கணக்கில் உழைத்தார்கள். நாமோ நசுங்கவில்லையே என்று மன்றத்தில் வந்து அழுகிறோம்.

அகல்விழி:

அதில் தவறென்ன சார்? பிழை எது, எங்கிருந்து வருகிறது என்று தெரிந்து வாங்கினால் அது தேர்வு. லென்ஸின் குணம் என்று நினைத்துக்கொண்டு அடாப்டரின் கோளாறைக் கொண்டாடுவதுதான் எனக்கு ஒவ்வாது. "பழைய லென்ஸின் கனவு போன்ற மென்மை" என்று போடப்படும் படங்களில் எத்தனை ஃபோகஸ் தவறியவை, எத்தனை அடாப்டருக்குள் ஒளி சிதறியவை என்று பார்த்திருக்கிறீர்களா? அடாப்டரைக் கழற்றி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, பின்பக்கத்திலிருந்து சாய்வாகப் பாருங்கள். உட்சுவர் பளபளத்தால் அந்தக் கனவு அங்கேதான் இருக்கிறது.

கைவேலை:

உண்மை. உள்ளே கறுப்பு வெல்வெட் தாள் ஒட்டினேன், பின்வெளிச்சத்தில் கான்ட்ராஸ்ட் எவ்வளவோ கூடிவிட்டது. சிறிய சென்சார்க்காரர்கள் இதைக் கட்டாயம் செய்யலாம். முழு ஃபிரேம் லென்ஸ் கொண்டுவரும் ஒளியில் பாதிக்கு மேல் சென்சாருக்கு வெளியே விழுந்து அடாப்டர் சுவரில் துள்ளுகிறது. ஹூடும் (லென்ஸின் முன்னால் மாட்டும் ஒளிமறைப்பு) ஆழமாகப் போடலாம், 50-க்கு 85-இன் ஹூட் போட்டாலும் பெரும்பாலும் மூலை வெட்டாது.

சுருள்படம்:

கான்ட்ராஸ்ட் பேச்சு வந்ததால் ஒன்று. ஃபிலிம் கொஞ்சம் மங்கலான பரப்பு, சென்சார் கண்ணாடிபோல் பளபளக்கும். சென்சாரில் பட்டுத் திரும்பும் ஒளி லென்ஸின் பின்கண்ணாடியில் மோதி மீண்டும் சென்சாருக்கே வரும். பின்கண்ணாடி தட்டையாகவோ பூச்சு குறைவாகவோ இருந்தால் நடுவில் வெளிறிய வட்டம் தெரியும். அபர்ச்சரைக் குறைக்கக் குறைக்க அது இன்னும் தெளிவாகத் தெரியலாம். இதை லென்ஸ் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

பச்சைமிளகு:

இன்னொரு கேள்வி கேட்டால் திட்டுவீர்களா? சூப்பர் டாகுமர் 50 எஃப் 1.4 ஒன்று கிடைக்கும் போலிருக்கிறது. கண்ணாடி தேநீர் நிறத்தில் இருக்கிறது. கதிரியக்கம் என்கிறார்களே?

துருவக்கண்:

கதிரியக்கம் உண்மைதான். முதலில் வந்த எட்டுக் கண்ணாடி வடிவத்தில் அது இல்லை. அடுத்து வந்த ஏழு கண்ணாடி வடிவத்தில் தோரியம் ஆக்ஸைடு கலந்த கண்ணாடி போட்டார்கள். ஒளியை அதிகம் வளைக்கும், நிறத்தைக் குறைவாகப் பிரிக்கும், வடிவமைப்பாளருக்கு அது வரம். தோரியத்தின் கதிர்வீச்சே காலப்போக்கில் கண்ணாடியைப் பழுப்பாக்குகிறது. கேமராவில் மாட்டிப் பயன்படுத்துவதால் படும் அளவு மிகக் குறைவு. ஆனால் அந்தக் கண்ணாடியை உரசவோ பாலிஷ் போடவோ கூடாது. அதன் தூள் மூச்சில் போனால்தான் ஆபத்து.

பழுப்பைப் புற ஊதா ஒளியால் போக்கலாம். ஃபோகஸ் முடிவிலியில், அபர்ச்சர் முழுதாகத் திறந்து, ஒரு முனையை அலுமினியத் தாளால் மூடி, மறுமுனையில் புற ஊதா எல்.இ.டி. விளக்கைச் சில நாள் எரியவிடுங்கள். விளக்கைக் கண்ணால் பார்க்காதீர்கள். வெயிலிலும் வைக்கலாம், அப்போது தாள் மூடாமல் விடவே கூடாது. பூதக்கண்ணாடி செய்யும் வேலையை இதுவும் செய்யும், பின்னால் இருப்பது தீப்பற்றும்.

பழுப்பு நிறத்துக்காகப் பயந்து விட்டுவிடாதீர்கள். உள்ளே கண்ணாடிகள் ஒட்டிய இடம் பிரிந்திருக்கிறதா, பூஞ்சை வேரோடியிருக்கிறதா என்று பாருங்கள், அவைதான் தீராத தலைவலி. அபர்ச்சர் இதழில் எண்ணெய் இருந்தால் எஸ்.எல்.ஆரில் பெரிய குறை, ஷட்டர் விழும் நொடிக்குள் இதழ் மூடியாக வேண்டும். நமக்கு வளையத்தைத் திருப்பினால் மெதுவாக மூடினாலும் போதும். எண்ணெய் ஆவியாகிக் கண்ணாடியில் படியாதவரை தொந்தரவில்லை.

கைவேலை:

எம்42 (திருகி மாட்டும் பழைய மவுண்ட்) அடாப்டர் வாங்கும்போது லென்ஸின் பின்னால் இருக்கும் குச்சியை அழுத்தும் உதட்டோடு இருப்பதாக வாங்குங்கள். இல்லையென்றால் ஆட்டோ-மேனுவல் சுவிட்ச் இல்லாத லென்ஸ்களில் வளையத்தை எஃப் 8-க்குத் திருப்பினாலும் இதழ் திறந்தே இருக்கும். கேனன் எஃப்.டி.-க்கும் இதே மாதிரி, நெம்புகோலைத் தள்ளும் வளையம் அடாப்டரிலேயே இருக்க வேண்டும். பாவம் எஃப்.டி. லென்ஸ்கள். அவற்றின் மவுண்ட் தூரம் 42 மி.மீ., 1987-இல் வந்த இ.எஃப். மவுண்டில் 44. லென்ஸ் கேமரா உடலுக்குள் 2 மி.மீ. இறங்கி நின்றால்தான் முடிவிலி கிடைக்கும். மிரர்லெஸ் வரும்வரை சொந்த நிறுவனத்தின் புதிய கேமராவிலேயே நல்ல வழியின்றிக் கிடந்தன.

வெளிச்சப்பூனை:

அளந்துவிட்டேன்! நான்கு இடங்களில் 28.31, 28.30, 28.32, 28.30. துருவக்கண் சார் சொன்ன 0.19 அப்படியே வருகிறது. சாய்வு இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம் அல்லவா? லென்ஸ் பக்கத்து வளையத்தில் நான்கு திருகுகள் தெரிகின்றன. அதைக் கழற்றி நடுவில் ஏதாவது வைக்கலாமா?

கைவேலை:

அங்கேதான் வைக்க வேண்டும். பயனட் முகத்தின் மேல் டேப் ஒட்டாதீர்கள், பிய்ந்து சென்சாருக்குள் போய் விழும். சாதாரண அச்சுத் தாள் ஒன்று ஏறக்குறைய 0.1 மி.மீ. முதலில் ஒரே தாளில் வளையம் வெட்டி வைத்துச் சோதியுங்கள். முடிவிலி எவ்வளவு நகர்கிறது என்று தெரிந்துவிடும். தாள் நசுங்கும், ஈரம் குடிக்கும், எனவே சோதனைக்கு மட்டும். நிரந்தரமாக வைக்கப் பித்தளைத் தகடோ பிளாஸ்டிக் தாளோ வாங்குங்கள். 0.19 முழுவதையும் அடைக்காதீர்கள், 0.02 அல்லது 0.03 குறைவாகவே இருக்கட்டும். இரண்டு தாள் வைத்தால் 0.2 ஆகிவிடும், முடிவிலி போய்விடும்.

திருகுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போனால் இப்போது இல்லாத சாய்வை நீங்களே உண்டாக்கிவிடுவீர்கள்.

வெளிச்சப்பூனை:

0.15 பிளாஸ்டிக் தகடு கிடைத்தது, வைத்துவிட்டேன். முடிவிலிக் குறிக்கு ஒரு மயிரிழை முன்னால் மலை கூர்மையாகிறது. எஃப் 5.6-இல் மூலைகள் பார்க்கும்படி இருக்கின்றன, எஃப் 8-இல் எனக்குப் புகாரே இல்லை. எஃப் 2.8-இல் இன்னும் மென்மைதான், வெளிச்சமும் மூலையில் குறைகிறது. அது லென்ஸின் இயல்பு என்று விட்டுவிடுகிறேன். விற்கப் போவதில்லை.

50-க்கும் 105-க்கும் இதே அடாப்டரைப் போடலாம்தானே?

துருவக்கண்:

தாராளமாக. ஒரே மவுண்ட், ஒரே தூரம். ஆனால் 105-இல் முடிவிலி தொடுகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். பழைய லென்ஸ்களை யாராவது திறந்து மூடியிருந்தால் அவற்றின் முடிவிலி நிறுத்தமே நகர்ந்திருக்கும். அப்படியிருந்தால் அந்த லென்ஸில் திருத்துங்கள், அடாப்டரைத் தொடாதீர்கள்.

நிழற்குடை:

காலிப்பர் கிடைத்தது. என் அடாப்டர் நான்கு பக்கமும் சமமாக, இருக்க வேண்டிய அளவுக்கு 0.02 மட்டும் குறைவு. 50 போட்டேன், இரண்டு ஓரமும் சுத்தம். 28 போட்டேன், வலது ஓரம் அதே சோப்பு நுரை. ஆக, கைவேலை தம்பி, என் அடாப்டர் நிரபராதி. லென்ஸ்தான் குற்றவாளி.

கைவேலை:

ஒப்புக்கொள்கிறேன் அண்ணே. ஒரு பக்கம் மட்டும் என்றால் உள்ளே ஏதோ ஒரு கண்ணாடி மையம் விலகி உட்கார்ந்திருக்கிறது. கீழே விழுந்திருக்கலாம், யாராவது சுத்தம் செய்துவிட்டுச் சரியாகப் பொருத்தாமல் விட்டிருக்கலாம். முன்வளையத்தில் ஸ்பானர் மாட்டும் பள்ளங்களில் கீறல் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஏற்கெனவே திறந்த லென்ஸ்.

நிழற்குடை:

இருக்கிறது. இரண்டு பள்ளத்திலும் கீறல்.

துருவக்கண்:

அப்படியானால் திறந்து பார்ப்பதில் இழப்பதற்கு ஒன்றுமில்லை. லென்ஸ் ஸ்பானர் வைத்திருக்கிறீர்களா? திறக்குமுன் ஃபோகஸ் மரைகள் எந்த இடத்தில் பிரிகின்றன என்று குறித்துக்கொள்ள வேண்டும், அதைப் படத்தோடு விளக்க வேண்டியிருக்கும். தனி இழை ஒன்று தொடங்குங்கள், அங்கே வருகிறேன்.